சேர்ந்து வாழச் சொல்கிறவர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள்?

கூடி வாழ்வதற்கான வீடு என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். கட்டடக் கலைஞர்கள் பேசுகிறார்கள், சூழலியலாளர்கள் பேசுகிறார்கள், தனிக்குடித்தனத்தில் மூச்சு முட்டிப்போன நகரத்துப் பிள்ளைகள் பேசுகிறார்கள். பொது முற்றம், பொதுச் சமையலறை, பொதுப் படிப்பகம், துணி துவைக்கப் பொது இடம், பத்துக் குடும்பத்துக்கு ஒரு கூரை. கருத்தரங்குகளில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். மாஸ்கோவின் நர்கோம்ஃபின் கட்டடம் வருகிறது, வியன்னாவின் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் வருகிறது. அப்புறம் சட்டென்று நம் ஊர்ச் சேரி ஒன்றின் புகைப்படம் வருகிறது. குறுகிய சந்து, ஒட்டி ஒட்டி நிற்கும் சுவர்கள், வாசலில் உட்கார்ந்து சிக்கெடுக்கிற பெண்கள், தெருவையே வீடாக்கிக்கொண்ட பிள்ளைகள். பாருங்கள், இதுதான் இயல்பான சமூக வாழ்வு என்கிறார் பேசுகிறவர். அரங்கம் கைதட்டுகிறது.

எனக்கு அந்தக் கைதட்டலோடுதான் சண்டை.

சந்து ஏன் குறுகலாக இருக்கிறது? தாத்தா காலத்தில் கொடுத்த மனை பேரன் காலம் வரை ஒரு சென்ட்கூடக் கூடவில்லை. மகனுக்குக் கல்யாணம் ஆனால் வாசலில் ஒரு தடுப்பு. பேரனுக்கு ஆனால் சந்தில் ஒரு தடுப்பு. சுவர் ஏன் ஒட்டி நிற்கிறது? தள்ளி எழுப்ப நிலம் இல்லை. சுற்றி இருக்கிற நிலம் எல்லாம் ஊர்க்காரன் பட்டா. பெண்கள் ஏன் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள்? உள்ளே உட்கார்ந்தால் வேர்த்துக் கொட்டும், அவ்வளவுதான். நிலம் மறுக்கப்பட்டதன் தழும்பைப் படம் எடுத்து வந்து, இதைத்தான் நாங்கள் வடிவமைக்க விரும்புகிறோம் என்கிறீர்களே, உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

தமிழ் படித்தவன் என்பதால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். சேர்ந்து இருப்பதால் சேரி. அவ்வளவு எளிமையான சொல் அது. யாரும் சேரியில் இருக்கலாம். பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுக்கப்பட்ட ஊர்களின் பகுதிகளே சோழர் காலக் கல்வெட்டுகளில் சேரி என்றுதான் அழைக்கப்பட்டிருக்கின்றன. அதே சோழர் காலத்தில்தான் பிரித்து எழுதும் வேலையும் நடந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட இடங்களைக் கணக்குப் போடும்போது ஊர் நத்தம் வேறு, கம்மாணச்சேரி வேறு, பறைச்சேரி வேறு, தீண்டாச்சேரி வேறு, சுடுகாடு வேறு, பறைச்சுடுகாடு வேறு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருசத்துக்கு முந்தைய குடியிருப்பு வரைபடம் அது. பொற்காலம் என்று பாடப்புத்தகம் சொல்கிற காலத்தின் நகரமைப்புத் திட்டம் அது. சேரி என்ற சொல்லைத் தங்களுக்கு வேண்டாம் என்று மற்றவர்கள் உதறிவிட்டுப் போன பிறகு அது எங்கள் தலையில் மட்டும் தங்கியது. சேர்ந்து வாழ்வதற்கான சொல், சேர்க்கப்படாதவர்களின் முகவரியானது. ஆகவே கூட்டு வாழ்வுக்கு வீடு கட்டுவதை ஏதோ புதிய கண்டுபிடிப்பு போலப் பேச வேண்டாம். இந்த மண்ணில் குடியிருப்பு என்பது எப்போதுமே திட்டம் போட்டுக் கட்டப்பட்டதுதான். யார் யாரோடு சேரக்கூடாது என்பதுதான் திட்டம்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் எங்களுக்காகக் கட்டியது தொகுப்பு வீடு. பெயரைப் பாருங்கள், அதிலும் கூட்டம் இருக்கிறது. 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதன் முதல் வேலையே ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவதுதான். தீப்பிடிக்காத என்ற அந்த வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து ஆறு வருசம் ஆகியிருந்த நேரம். எரிக்கிறவனை என்ன செய்வது என்று கேட்கவில்லை. எரியாத கூரையைப் போட்டார்கள். 2012 நவம்பரில் தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் மூன்றிலும் இருநூற்று அய்ம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டும் எரிக்கப்பட்டும் கிடந்தபோது அதில் காரை வீடுகளும் இருந்தன. பெங்களூருக்குப் போய் உழைத்துச் சம்பாதித்த காசில் கட்டிய வீடுகள். பீரோவும் மோட்டார் சைக்கிளும் பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழும் சேர்ந்து எரிந்தன. சிமெண்ட் எரியாது என்று யார் சொன்னது?

தொகுப்பு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதன் அமைப்பை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே, ஏரி உள்வாயிலோ ஓடைப் புறம்போக்கிலோ பள்ளமான ஒரு இடம். மழைக்காலத்தில் முதலில் தண்ணீர் வருவது அங்கேதான். ஒரு அறை. அடுப்புக்கு ஒரு மூலை. புகை போக வழி கிடையாது, கதவுதான் வழி. கூரையில் கம்பி தெரியும், கொஞ்ச வருசத்தில் காரை பெயர்ந்து தூங்குகிறவன் மேல் விழும். ஆடு கட்ட இடமில்லை. பெண்கள் குளிக்க மறைப்பில்லை; மூன்று கழியை நட்டுப் பழைய சேலையைச் சுற்றி அவர்களே கட்டிக்கொள்ள வேண்டும். பொறியாளரின் வரைபடத்தில் அந்தக் குளியல் மறைப்பு எங்குமே இல்லை. வயசுக்கு வந்த பெண் எங்கே உட்காருவாள், பிள்ளை பெற்றவள் எங்கே படுப்பாள், சாவு விழுந்தால் பிணத்தை எங்கே கிடத்துவது, படிக்கிற பிள்ளைக்கு எந்த மூலையில் விளக்கு? ஒன்றும் இல்லை. ஏனென்றால் வரைந்தவன் மனதில் இருந்தது மனிதக் குடும்பம் அல்ல, ஒரு பயனாளி. பயனாளிக்குச் சாவு கிடையாது, தீட்டு கிடையாது, ஆடு கிடையாது.

இதற்கெல்லாம் மாற்றாக வந்ததுதானே சமத்துவபுரம் என்று தோழர்கள் கேட்பார்கள். வருகிறேன். இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

1997இல் தி.மு.க. ஆட்சி பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அது என்ன காலம் என்பதை மறக்கக்கூடாது. 1995இல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வீடாக அடித்து நொறுக்கியிருந்தது. தென்மாவட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே மதுரை மாவட்டத்தில், திருமங்கலத்துக்குப் பக்கம் மேலக்கோட்டையில், 1998 ஆகஸ்டில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகள். 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. வீட்டுக்கு அய்ந்து சென்ட் மனை. சாதி வாரியாகத் தெரு பிரிக்காமல் கலந்து ஒதுக்க வேண்டும். நுழைவாயிலில் பெரியார் சிலை. கோயில், சர்ச், மசூதி எதுவும் கூடாது. பொதுப் பள்ளி, பொது ரேஷன் கடை, பொதுச் சுடுகாடு.

இதை எளிதாகக் கிண்டல் பண்ணிவிட்டுப் போகலாம். எங்கள் ஆட்களிலேயே சிலர் அப்படிப் பண்ணுகிறார்கள். நான் பண்ண மாட்டேன். தஞ்சாவூர்க் கல்வெட்டில் பிரித்து வெட்டிய சுடுகாட்டை ஒரு அரசாணை ஒன்றாக்கியது என்றால் அது சாதாரணக் காரியம் இல்லை. முகவரியையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பெயர்ப்பதிவேட்டில் 'காலனி' என்று எழுதும்போது பேனா தயங்குகிற அனுபவம் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இருக்கும். சமத்துவபுரம் என்று எழுதுகிற பிள்ளைக்கு அந்தத் தயக்கம் இல்லை. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாகச் சட்டமன்றத்தில் அறிவிக்க 2025 ஏப்ரல் வரை ஆகியிருக்கிறது. அந்த வகையில் சமத்துவபுரம் இருபத்தேழு வருசம் முந்திக்கொண்டது. நல்லது.

ஆனால் கேள்வி வேறு. சமத்துவபுரத்துக்கு யார் யார் வந்தார்கள்? நாற்பது வீட்டுக்கு எங்கள் ஏழைகள் வந்தார்கள். இருபத்தைந்துக்கு அவர்கள் ஏழைகள் வந்தார்கள். இன்னொரு இருபத்தைந்துக்கு இன்னொரு சாதி ஏழைகள். பண்ணையார் வந்தாரா? நூறு ஏக்கர் வைத்திருக்கிறவர் வந்தாரா? அவருக்கு ஊரில் வீடு இருக்கிறது, களம் இருக்கிறது, கோயில் மரியாதை இருக்கிறது, கிணறு இருக்கிறது. அவர் எதற்கு வருகிறார்? வீடில்லாதவனுக்கு மட்டும் சமத்துவப் பாடம். வீடுள்ளவனுக்கு விலக்கு. ஊர் அப்படியே இருந்தது, சேரியும் அப்படியே இருந்தது, இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு இடத்தில், பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரமாக, மந்திரி கார் வந்து நிற்க வசதியாக, சமத்துவம் கட்டப்பட்டது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகள். 2011க்குள் கட்டியது ஏறக்குறைய 240 சமத்துவபுரங்கள். மீதி ஊர்களில் சமத்துவம் வேண்டாமா? அங்கெல்லாம் ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பதை அரசு என்ன செய்தது? அதைத் தொட்டால் ஓட்டுப் போகும். தொடாமல் இருக்கக் கண்டுபிடித்த வழிதான் புறம்போக்கில் ஒரு மாதிரி ஊர்.

தொட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே மதுரை மாவட்டத்தில் சான்று இருக்கிறது. உத்தப்புரம். 1989-90இல் தலித் தெருக்களை மறைத்து எழுப்பிய சுவர். அதன் மேல் மின்கம்பி வேறு. 2008 மே 6 அன்று சுவரில் ஒரு பகுதியை மட்டும் இடித்து வழி விட்டார்கள். உடனே ஆதிக்க சாதியினர் குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி பண்ணிக்கொண்டு மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு சுவரில் சில அடி திறப்பு. அதைச் சகிக்க முடியாதவர்களை வைத்துக்கொண்டு கூட்டு வாழ்வுக்கு எந்த வகைச் செங்கல் நல்லது, எந்தப் பக்கம் காற்று வரும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் போய்ப் பார்த்த சமத்துவபுரங்களில் நிறைய வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிக் கிடந்தவை யாருடையவை என்று விசாரித்தால் அவர்கள் ஊரில் பழைய வீட்டிலேயே இருக்கிறார்கள். இதை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், அல்லது வைக்கோல் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை, அதனால் இருக்கிறார்கள். இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. நன்றாகக் கலந்து இருக்கிற தெருக்களையும் பார்த்தேன். ஒருத்தி பிள்ளையை இன்னொருத்தி இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், யார் பிள்ளை என்று தெரியவில்லை. அதுவும் உண்மைதான். ஆனால் ஒரு கிழவி சொன்னதை மட்டும் எழுதிவிடுகிறேன். "ஏம்ப்பா தம்பி, பக்கத்து வீட்டுக்காரி நல்லவதான். கொழம்பு குடுத்தா வாங்கிக்கிருவா. ஆனா நாளைக்குக் களையெடுக்க அவுக சித்தப்பன் தோட்டத்துக்குத்தான் நான் போகணும். அங்க போயி, நான் சமத்துவபுரத்துக்காரின்னா நிக்க முடியும்?"

இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வேடும் சொல்லாது. வீடு சமமாக இருக்கிறது, கூலி சமமாக இல்லை. சுவர் பக்கத்தில் இருக்கிறது, நிலம் எட்டத்தில் இருக்கிறது. காலையில் ஏழு மணிக்கு சமத்துவபுரத்தை விட்டு வெளியே கால் வைத்ததும் சாதி தொடங்குகிறது. சாயங்காலம் திரும்பி வந்து அய்ந்து சென்ட்டுக்குள் சமத்துவமாகத் தூங்கலாம்.

இங்கேதான் அம்பேத்கரை எடுத்துப் பார்க்க வேண்டும். 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாட்டில் ஒரு தீர்மானம் போட்டார்கள். தாழ்த்தப்பட்டோருக்கு இந்துக் கிராமங்களிலிருந்து விலகித் தனிக் கிராமங்கள் வேண்டும், அரசாங்கத்திடம் இருக்கிற சாகுபடிக்கு உகந்த தரிசு நிலத்தை அதற்கு ஒதுக்க வேண்டும், அதைச் செய்ய ஒரு ஆணையம் வேண்டும் என்று. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' எழுதியபோதும் அவர் அதை விடவில்லை. முற்போக்காளர்களுக்கு இது கசக்கும். தனிக் கிராமமா, அது பிரிவினை ஆகாதா என்பார்கள். பிரித்து வைத்தது யார்? ஏற்கனவே தனியாகத்தானே வைத்திருக்கிறீர்கள்! தனியாக வைத்துக்கொண்டு உங்கள் கையை எதிர்பார்க்க வைத்திருக்கிறீர்கள். அம்பேத்கர் கேட்டது வீடு அல்ல, நிலம். ஊரின் கூலியாக இருக்கிறவரை பக்கத்தில் இருந்தாலும் எட்ட இருந்தாலும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும். அவருடைய வரைபடம் உழுகிற நிலத்திலிருந்து தொடங்கியது. சமத்துவபுரத்தின் வரைபடம் ஒதுக்கீட்டு விகிதத்திலிருந்து தொடங்கியது. 40, 25, 25, 10 என்று ஆட்களைக் கலந்தார்கள், நிலத்தைக் கலக்கவில்லை.

நான் தனிக் கிராமம்தான் வேண்டும் என்று இங்கே வாதாடவில்லை. கலந்து வாழ்வதுதான் வேண்டும். ஆனால் கலப்பதற்கு இருதரப்பும் கொஞ்சம் இழக்க வேண்டும். இழக்க எதுவும் இல்லாதவனிடம் மட்டும் கலக்கச் சொல்வது என்ன நியாயம்?

சரி, வெளிநாட்டுப் படங்களுக்கு வருவோம். நர்கோம்ஃபின் 1928இலிருந்து 1930 வரை கட்டப்பட்டது. கின்ஸ்பர்க்கின் எண்ணம் பெரிய எண்ணம். பெண்ணை அடுப்பிலிருந்து விடுவிப்பது. தனித்தனி சமையலறையைச் சுருக்கி, பொதுச் சமையலறை, பொது உணவுக்கூடம், பொதுச் சலவையகம் வைத்தார்கள். நான் அந்த எண்ணத்துக்கு எதிரி அல்ல, என் அம்மா ஊதாங்குழலோடு போராடியதைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் அதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்கிறவர்கள் ஒன்றைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அந்தப் பொதுச் சமையலறையில் யார் சமைப்பார்கள்? 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று பள்ளியையே முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? எதிர்த்தவர்கள் மேல் பாயவில்லை. சமைத்த பெண்ணை இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு திரும்பியது. பிள்ளைகள் சாப்பிடுகிற ஒரு சட்டிச் சோற்றுக்கே இந்தப் பாடு. இந்த ஊரில் பொதுச் சமையலறை என்பது கட்டடப் பிரச்சினையா?

தண்ணீருக்கும் இதேதான். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் மிதந்தது. இதில் எல்லோரும் மலத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் தொட்டியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தலித் குடியிருப்புக்குத் தனித் தொட்டி என்று அங்கே மட்டுமா இருக்கிறது? ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று என்று தமிழ்நாடு முழுக்க நிற்கின்றன. அரசாங்கப் பணத்தில், அரசாங்கப் பொறியாளர் கையெழுத்தோடு. இரட்டைக் குவளையை ஒழிப்போம் என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். இரட்டைத் தொட்டி நம் தலைக்கு மேல் கான்கிரீட்டில் நிற்கிறது, அண்ணாந்து பார்ப்பதில்லை.

கார்ல் மார்க்ஸ் ஹோஃப் பற்றியும் பாதிதான் சொல்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 1,382 வீடுகள், சலவையகம், குளியலகம், குழந்தைகள் பள்ளி, நூலகம். எல்லாம் உண்மை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? 1923இலிருந்து வியன்னா நகராட்சி வீட்டு வரி போட்டது. பெரிய வீட்டுக்காரனுக்கு ஏறு வரிசையில் வரி. மாளிகைக்காரனிடம் வாங்கித் தொழிலாளிக்குக் கட்டினார்கள். 1934 பிப்ரவரியில் தொழிலாளர்கள் அதே கட்டடத்தில் நின்று எதிர்த்தபோது அரசுப் படை பீரங்கியால் சுட்டது. ஒரு குடியிருப்பைப் பார்த்து அரசு பீரங்கி கொண்டுவருகிறது என்றால் அங்கே உண்மையாகவே ஏதோ கூடி இருந்திருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர் வாஸ்து பார்க்கிற கூட்டுக் குடியிருப்பைப் பார்த்து எந்த அரசும் பயப்படப் போவதில்லை.

நகரத்தை விட்டுவிட்டால் கட்டுரை அரைகுறை ஆகிவிடும். சென்னையில் கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்த எங்கள் மக்களை நகரின் வால் நுனிக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2000இலிருந்து கண்ணகி நகர், பதினைந்தாயிரத்துக்கும் மேல் வீடுகள். அப்புறம் பெரும்பாக்கம், எட்டு அடுக்கு, இருபதாயிரத்துக்கும் மேல். 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி, படிப்பு நடந்துகொண்டிருக்கிற பிள்ளைகளையும் சேர்த்து லாரியில் ஏற்றினார்கள். ஆற்றங்கரையில் இருந்தால் ஆபத்தாம். கொண்டுபோய் வைத்த இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் விளிம்பு! கூட்டு வாழ்வின் எல்லா அம்சமும் அங்கே இருக்கிறது: பொதுப் படிக்கட்டு, பொது நடைபாதை, பொது லிப்ட், பொது நாற்றம். மீன் விற்கிற அக்காவின் கூடைக்கு ஏழாவது மாடியில் எங்கே இடம்? இஸ்திரி வண்டிக்காரர் வண்டியை எங்கே நிறுத்துவார்? லிப்ட் நின்றுபோன நாளில் சாவு விழுந்தால் பாடையைத் திருப்ப அந்தப் படிக்கட்டு இடம் கொடுக்குமா? பழைய குடிசைப் பகுதியில் மந்தைவெளி வீட்டு வேலைக்கு நடந்தே போனவள் இப்போது இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கொடுக்க யோசிக்கிறான், போலீஸ்காரன் மட்டும் யோசிக்காமல் தேடி வருகிறான். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதில் ஆயிரம் குறை. ஆனாலும் வேலையும் பள்ளிக்கூடமும் கடற்கரையும் பக்கத்தில் இருந்தன. நிலத்தின் விலை ஏற ஏற நாங்கள் தள்ளிப் போனோம். 2021இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம், அதே பழைய மகாபலிபுரம் சாலையில், கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கிற இளைஞர்களுக்குக் கூட்டு வாழ்வு விடுதிகள். பொதுச் சமையலறை, பொதுக் கூடம், மொட்டை மாடியில் கிதார். எங்கள் பையன் ஒருத்தன் அப்படி ஒரு இடத்துக்கு விசாரிக்கப் போனான். முதல் கேள்வி, "சைவம்தானே?" அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாதி என்ன என்று கேட்டால் சட்டம் இருக்கிறது. சாப்பாடு என்ன என்று கேட்டால் அது பண்பாடு.

அதனால் கட்டடக்கலை படிக்கிற மாணவர்களுக்கும், கூட்டுக் குடியிருப்பு கட்டப்போகிற தோழர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் மனசு நல்ல மனசாகவே இருக்கலாம். வரைபடத்தை விரிப்பதற்கு முன் சிலவற்றுக்குப் பதில் எழுதி வையுங்கள். அந்தச் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வேகுமா? வேகாது என்றால் அது பொதுச் சமையலறை இல்லை, உங்கள் சமையலறை. தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறக்கிற சாவி யார் இடுப்பில் இருக்கும்? கக்கூஸ் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்? முறை வைத்து நீங்களே இறங்குவீர்களா, இல்லை வழக்கம்போல எங்கள் தெருவுக்குப் போன் வருமா? நிலம் யார் பெயரில்? அறக்கட்டளை பெயரில் என்றால் அறங்காவலர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் எங்கள் ஆட்கள், எத்தனை பேர் பெண்கள்? நாளைக்குச் சண்டை வந்தால் வெளியேற வேண்டியவர் யார் என்று இப்போதே தெரிகிறதா?

அரசாங்கத்துக்கும் இதேதான். அடுத்த சமத்துவபுரத்தைப் புறம்போக்கில் கட்டாதீர்கள், ஊர் நடுவில் கட்டுங்கள். கோயில் நிலம் இருக்கிறது, உச்சவரம்பில் எடுத்த நிலம் இருக்கிறது, ஆங்கிலேயர் காலத்தில் எங்களுக்கென்று ஒதுக்கிப் பிறகு கை மாறிப்போன பஞ்சமி நிலம் இருக்கிறது. வீட்டோடு சாகுபடி நிலத்தையும் பெண்கள் பெயரில் பட்டா போட்டுக் கொடுங்கள். ஊருக்குள் மனை வைத்திருக்கிறவனும் அந்தத் திட்டத்துக்குள் வரட்டும். இரட்டைத் தொட்டிகளைக் கணக்கெடுத்து, ஒன்றை மூடி, ஒரே தொட்டியிலிருந்து இரண்டு பக்கமும் குழாய் போடுங்கள். பெரிய செலவு இல்லை. செலவைப் பற்றியா உங்கள் பயம்?

வீடு வரைவதற்கு முன்னால் குடியிருக்கப் போகிறவர்களைக் கூட்டிப் பேசுங்கள். கூட்டத்தை ஊராட்சி அலுவலகத்தில் வைக்காதீர்கள், எங்கள் தெருவில் வையுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வையுங்கள். அதற்கு முன்னால் பெண்கள் வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள்.